போஸ்டர் ஒட்டின சுவரும் வரலாறுதான்

பழைய சினிமா போஸ்டர், நோட்டீஸ், பாட்டுப் புத்தகம் தேடித் திரியுறேன்னு சொன்னா ராகலைப் பக்கம் மூணு விதமான பதில் கிடைக்கும். வீட்டுல, "படிக்கிற புள்ளைக்கு இது எதுக்கு?" டவுன்ல கடை வச்சிருக்கிறவங்ககிட்ட, "அதெல்லாம் எப்பவோ சாமான் சுத்திக் கொடுத்தே முடிஞ்சிருச்சே." இந்த ரெண்டு பேர் மேலயும் எனக்குக் கோபம் இல்ல. மூணாவது பதில்தான் பிரச்சினை. அது மேடையில மலையக வரலாறு பேசுறவங்ககிட்ட இருந்து வருது: "தம்பி, வரலாறுன்னா போராட்டம், தொழிற்சங்கம், குடியுரிமை. சினிமா எப்படி வரலாறாகும்?"

இந்தக் கட்டுரை அந்த மூணாவது பதிலுக்கு எதிரானது.

முதல்ல ஒரு கேள்வி. 50 வருசத்துக்கு முந்தி ஒரு லயக்காம்பராவுக்குள்ள என்னென்ன காகிதம் இருந்திருக்கும்? பிறப்புச் சான்றிதழ். பிரஜாவுரிமை விண்ணப்பம். கடவுச்சீட்டுக்கு எடுத்த குடும்பப் படம். தோட்டத்து ஆபீஸ்ல இருந்து வந்த சம்பளத் துண்டு. சங்கத்துச் சந்தா ரசீது. யோசிச்சுப் பாருங்க, இதுல ஒண்ணுகூட அந்தக் குடும்பம் ஆசைப்பட்டு வாங்கினது இல்ல. எல்லாம் இன்னொருத்தர் அவங்களை எண்ணுறதுக்கும், பதியுறதுக்கும், நாடு கடத்துறதுக்கும் உண்டாக்கின காகிதம். துரையோட காகிதம், அரசாங்கத்தோட காகிதம், சங்கத்தோட காகிதம்.

ஒரே ஒரு விதிவிலக்கு இருந்துச்சு. சில சதம் கொடுத்து வாங்கின சினிமாப் பாட்டுப் புத்தகம். தியேட்டர் வாசல்ல கையில திணிச்ச பிட் நோட்டீஸ். டவுன் சுவத்துல இருந்து பதமா உரிச்சு எடுத்துட்டு வந்து, இஸ்தோப்புச் சுவத்துல கோதுமை மாப் பசை போட்டு ஒட்டின எம்.ஜி.ஆர். போஸ்டர். அந்த வீட்டுக்காரங்க தானா ஆசைப்பட்டுத் தேர்ந்தெடுத்த காகிதம் இது மட்டும்தான். அதைத்தான் நாம குப்பைன்னு எரிச்சோம். செக்ரோலைப் பத்திரமா வச்சிருக்கிறது ஆவணக் காப்பகம். பாட்டுப் புத்தகத்தை வச்சிருக்க யாரும் இல்ல. இப்படியே விட்டா, நம்ம பாட்டன் பாட்டி வேலை செஞ்சது மட்டும்தான் மிஞ்சும். அவங்க சிரிச்சது, விசிலடிச்சது, ஒரு முகத்தைப் பார்த்து மயங்கினது எதுக்கும் சாட்சி இருக்காது.

ராகலைக்கே ஒரு உதாரணம் இருக்கு. நானுஓயாவில இருந்து நுவரெலியா, கந்தப்பளை வழியா ராகலை வரைக்கும் ஒரு காலத்துல குறுகிய ரயில் பாதை ஓடிச்சு. கடந்த நூற்றாண்டோட தொடக்கத்துல வந்த அந்தப் பாதை, 1940களோட முடிஞ்சு போச்சு. தண்டவாளம்கூட இப்ப இல்ல. ஆனா அதைப் பத்தி இன்னைக்கும் படிக்கலாம். எந்த வகை எஞ்சின், எத்தனை நிலையம், என்ன ஏற்றம்னு ரயில் ஆர்வலர்கள் எழுதி வச்சிருக்காங்க. ஏன்னா அந்த ரயில் தேயிலை ஏத்தினது, அதை நேசிச்சவங்ககிட்ட பேனாவும் கேமராவும் இருந்துச்சு. அதே மலையில தலைமுறை தலைமுறையா சனங்க படம் பார்க்கப் போன கதையை எழுத யாரும் வரல. எஞ்சினுக்குக் கிடைச்ச மரியாதை நம்ம ஆச்சிக்குக் கிடைக்கல.

"அதெல்லாம் இந்தியப் படம்தானே"

இந்த வாதம்தான் அடிக்கடி வரும். கோடம்பாக்கத்துல எடுத்து, சிவகாசியில போஸ்டர் அடிச்சு வந்த படத்துல நம்ம வரலாறு எங்க இருக்குன்னு கேட்பாங்க. ரெண்டு பதில் சொல்றேன்.

முதல் பதில்: எல்லாமே இந்தியப் படம் இல்ல. இலங்கையில தமிழ்ப் படம் எடுத்திருக்காங்க, அதுவும் மலையகத்தைத் தொட்டே தொடங்கியிருக்காங்க. 1962-ல வந்த 'சமுதாயம்' 16 மி.மீ. படம். அடுத்த வருசம், 1963-ல, பி. எஸ். கிருஷ்ணகுமார் எடுத்த 'தோட்டக்காரி' வந்துச்சு. பேரைப் பாருங்க. இந்த நாட்டுத் தமிழ் சினிமாவோட ரெண்டாவது படமே தோட்டத்துப் பொண்ணோட பேர்ல வந்திருக்கு. சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 1964-ல. 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பலாம், 3,00,000 பேருக்கு இங்கே குடியுரிமை கொடுக்கலாம்னு ரெண்டு அரசாங்கமும் நம்ம ஆளுங்களை மூட்டை மாதிரி பங்கு போட்டது 'தோட்டக்காரி' வந்த மறு வருசம்தான். இந்த நாட்டுக்காரங்களே இல்லன்னு சொல்லப்பட்ட சனத்தைப் பத்தி இந்த நாட்டுலயே ஒரு படம் ஓடியிருக்கு. இது வரலாறு இல்லன்னா வேற எது?

பிறகு 1975. வி. பி. கணேசன், தொழிற்சங்கக்காரர், 'புதிய காற்று' எடுத்தார். எஸ். ராமநாதன் இயக்கினார். நம்ம தெளிவத்தை ஜோசப் அதுக்கு எழுதினார். தோட்டங்கள்ல பஞ்சம் தலைவிரிச்சு ஆடி, சனங்க பசியில செத்த வருசங்களை ஒட்டி வந்த படம் அது. கணேசன் அதோட நிக்கல. 'நான் உங்கள் தோழன்' 1978-ல, 'நாடு போற்ற வாழ்க' 1981-ல. சங்கத்தையும் சினிமாவையும் ஒரே ஆள் ஒரே காலத்துல நடத்தியிருக்கார். சினிமா வேற, போராட்டம் வேறன்னு பிரிக்கிற மேடைப் பேச்சாளர்கள் இந்த ஒரு ஆளை எந்தப் பக்கம் வைப்பாங்க?

நம்ம வகுப்புல எத்தனை பேருக்கு இந்தப் படங்களோட பேர் தெரியும்? தம்பிஐயா தேவதாஸ் 'இலங்கைத் தமிழ் சினிமாவின் கதை'ன்னு ஒரு புத்தகம் எழுதலன்னா, இந்த நாட்டுல இப்படி ஒரு சினிமா இருந்துச்சுங்கிறதே பலருக்குத் தெரியாமப் போயிருக்கும். ஒரு நாட்டோட தமிழ் சினிமா வரலாறு ஒரு தனி மனுசனோட பொறுமையில தொங்கிக்கிட்டு இருக்கிறது பெருமை இல்ல, வெட்கம்.

ரெண்டாவது பதில்: படம் கோடம்பாக்கத்துல எடுத்ததா இருக்கலாம், ஆனா அதைப் பார்த்தது இங்கே. எந்தத் தியேட்டர், எந்தத் தேதி, எத்தனை காட்சி, கலரி என்ன விலை, தீபாவளிக்கு வந்துச்சா தைப்பொங்கலுக்கா, நோட்டீஸ் அடிச்ச அச்சகம் ஹட்டனா கண்டியா, இந்த விவரம் எதுவும் சென்னையில கிடைக்காது. அந்த நோட்டீஸோட அடியில பொடி எழுத்துல இருக்கிற ஒரு வரியிலதான் கிடைக்கும். 1972-ல அரச திரைப்படக் கூட்டுத்தாபனம் வந்து பட இறக்குமதியைக் கையில எடுத்த பிறகு, எந்த இந்தியப் படம் எப்ப வரும்ங்கிறதே அரசாங்கத்து முடிவாச்சு. அதனால தமிழ்நாட்டுல ஓடின வரிசை வேற, இங்கே ஓடின வரிசை வேற. அங்கே மறந்துபோன படத்தை இங்கே பல வருசம் கழிச்சுப் புதுப்படமாக் கொண்டாடியிருக்கலாம். 'பைலட் பிரேம்நாத்' மாதிரி சிவாஜியும் மாலினி பொன்சேகாவும் சேர்ந்து நடிச்ச படத்துக்கு இந்த நாட்டுல இருந்த அர்த்தமே தனி. இந்தக் கதையை எழுதத் தேவையான ஆதாரம் போஸ்டர்தான், நோட்டீஸ்தான், 'வீரகேசரி', 'தினகரன்' பத்திரிகைகள்ல வந்த சினிமா விளம்பரம்தான்.

இன்னொரு விசயம், இனத்தைப் பத்திப் பேசுறவங்களுக்கு. முதல் சிங்களப் பேசும் படம் 'கடவுனு பொரொந்துவ', 1947. தயாரிச்சவர் எஸ். எம். நாயகம், மதுரைத் தமிழர். முதல் இலங்கைத் தமிழ்ப் படம் 'சமுதாயம்'. இயக்கினவர் ஹென்றி சந்திரவன்ச, சிங்களவர். 1977-ல 'பொன்மணி'ய இயக்கினவர் தர்மசேன பத்திராஜ. எழுதினவர் காவலூர் ராஜதுரை. நம்ம பாடப் புத்தகம் சொல்லாத ஒரு இலங்கை இந்தப் பேர்களுக்குள்ள இருக்கு. ஒரு போஸ்டரோட அடியில இருக்கிற பேர்ப் பட்டியல், சில நேரம் ஒரு சமாதான மாநாட்டை விட அதிகம் பேசும்.

எரிஞ்சது ஒண்ணு, எரிச்சது இன்னொண்ணு

1981-ன்னு சொன்னா யாழ்ப்பாண நூலகம் நம்ம எல்லாருக்கும் ஞாபகம் வரும். வரணும். கிட்டத்தட்ட 97,000 நூல்கள். ஆனா 1983 ஜூலையில வத்தளை, ஹெந்தளையில இருந்த விஜயா ஸ்டூடியோ எரிஞ்சது எத்தனை பேருக்குத் தெரியும்? 'சினிமாஸ்' கம்பெனி குணரத்தினத்தோட ஸ்டூடியோ அது. தமிழர் சொத்துங்கிறதுக்காக எரிச்சாங்க. உள்ள இருந்தது சிங்களப் படச் சுருள்களும்தான். லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸை வச்சு 'சந்தேசய' தயாரிச்ச மனுசனோட ஸ்டூடியோவை எரிச்சவங்க, தங்களோட சினிமாவையும் சேர்த்தே எரிச்சாங்க.

அது அவங்க எரிச்சது. நாம எரிச்சதையும் பேசணும். வீடியோ டெக் வந்துச்சு, டிவி வந்துச்சு, தியேட்டர்கள் ஒண்ணொண்ணா மூடிச்சு. சில இடம் களஞ்சியமாச்சு, சில இடம் கடையாச்சு. அப்ப உள்ள இருந்த போஸ்டர் கட்டு, ஸ்லைடு, கணக்குப் புத்தகம் எல்லாம் எங்க போச்சு? யாரும் கலவரம் பண்ணல. அடுப்புக்கும் கடலைச் சுருளுக்கும் போச்சு. கலவரத்துல போனதுக்கு வருசா வருசம் நினைவுநாள் வைக்கிறோம். அலட்சியத்துல போனதுக்கு ஒரு வார்த்தைகூடக் கிடையாது.

படமே போனாலும் காகிதம் எவ்வளவு பேசும்ங்கிறதுக்கு ஒரு சாட்சி: 1931-ல வந்த 'காளிதாஸ்', முதல் தமிழ்ப் பேசும் படம். அதோட ஒரு பிரதிகூட இன்னைக்கு இல்ல. அதைப் பத்தி நமக்குத் தெரிஞ்ச பெரும்பகுதி விளம்பரம், பாட்டுப் புத்தகம், புகைப்படம், அந்தக் காலப் பத்திரிகைச் செய்தி மூலமாத்தான். படச்சுருள் போயிருச்சுன்னா போஸ்டர்தான் படம். நம்ம இலங்கைத் தமிழ்ப் படங்கள்ல பலதோட நிலைமை கிட்டத்தட்ட அதுதான்.

"சம்பளத்துக்கே வழியில்ல"

அடுத்த எதிர்ப்பு. சம்பளத்துக்குப் போராடி ரோட்டுல நிக்கிறோம், காணி இல்ல, வீடு இல்ல, இதுல போஸ்டரா? இந்தக் கேள்வியில நியாயம் இருக்கு, அதனால நேரடியாப் பதில் சொல்றேன்.

லயத்தை அப்படியே பாதுகாக்கணும்னு நான் சொல்லல. லயம் இடியணும். ஒவ்வொரு குடும்பத்துக்கும் சொந்தக் காணியில சொந்த வீடு வேணும். ஆனா இடிக்கிறதுக்கு முந்தின நாள் அந்தச் சுவரை ஒரு போட்டோ எடுங்க. அடுப்புப் புகை படிஞ்சு கறுத்த அந்தச் சுவத்துல பேப்பர் மேல பேப்பரா ஒட்டியிருப்பாங்க. குளிர் காத்து வராம இருக்கப் பத்திரிகை, அது மேல கலண்டர், அது மேல சினிமா நடிகை. உரிச்சா ஒவ்வொரு அடுக்கும் ஒரு பத்து வருசம். மீரியபெத்தையில 2014-ல மண்சரிவு வந்து லயம் லயமா மூடினப்போ, செத்தவங்களோட சேர்ந்து அவங்க வாழ்ந்ததுக்கான தடயமும் மண்ணுக்குள்ள போச்சு. நம்ம மலையில நாளைக்கு எது இருக்கும்னு சொல்ல முடியாது. போட்டோ எடுக்கக் காணியும் வேண்டாம், சம்பள நிர்ணய சபையும் வேண்டாம். ஃபோன் போதும்.

இன்னொண்ணு. "பசிக்கிறவனுக்கு வரலாறு எதுக்கு"ங்கிறது நம்ம ஆளுங்க சொன்ன வார்த்தையே இல்ல. பசியில இருந்தப்பவும் அவங்க கொழுந்து பறிச்சுக்கிட்டே பாட்டுக் கட்டினாங்க. சி. வி. வேலுப்பிள்ளை அந்தப் பாட்டுகளைத் தோட்டம் தோட்டமாப் போய்ச் சேகரிச்சப்போ, "வயித்துக்கு இல்லாதப்போ பாட்டு எதுக்கு"ன்னு யாராவது தடுத்திருந்தா, இன்னைக்கு மலையக நாட்டார் பாடல்னு பரீட்சையில எழுத நமக்கு எதுவும் இருந்திருக்காது. அதே மரியாதையைச் சினிமாப் பாட்டுக்கும் கொடுங்க. இலங்கை வானொலியில வந்த பாட்டைக் கேட்டு, சினிமா மெட்டுல காமன் கூத்துக்கு ஊடால பாட்டு நுழைஞ்சதுன்னு பெரியவங்க குறை சொல்றாங்களே, அந்தக் குறையைக்கூட நிரூபிக்க ஆதாரம் வேணுமில்லையா? சினிமா நம்ம சனத்தைக் கெடுத்துச்சுன்னு நினைக்கிறவங்களுக்கும் இந்தக் காகிதம் தேவை. திட்டுறதுக்காவது பத்திரப்படுத்துங்க.

வாட்டர்மார்க் போடுற வீரர்களுக்கு

இப்ப நம்ம வயசு ஆளுங்ககிட்ட வர்றேன். பழைய போஸ்டர்களை முகநூல்ல போடுற ஆளுங்க இருக்காங்க. நல்லது. ஆனா எப்படிப் போடுறாங்க? முகத்து நடுவுல பெருசாத் தன் பேர். கீழ இருக்கிற அச்சகத்துப் பேரையும் தியேட்டர் வரியையும் வெட்டிட்டு, நடிகை முகத்தை மட்டும். நிறத்தைக் கூட்டி, கீறலை அழிச்சு, புதுசு மாதிரி. எங்க கிடைச்சது, யார் வீட்டுல இருந்தது, பின்பக்கம் என்ன எழுதியிருந்துச்சு, எதுவும் கிடையாது. ஒருத்தர்கிட்ட ஒரு நோட்டீஸோட முழுப் படத்தை ஆய்வுக்குன்னு கேட்டேன். "என் கலெக்சன், தர முடியாது"ன்னு பதில் வந்துச்சு.

உங்க கலெக்சனா? தாள் உங்களோடது, சரி. அதுல இருக்கிற படம் உங்களோடது இல்ல. அதை வரைஞ்ச ஓவியர் பேர் பெரும்பாலும் யாருக்கும் தெரியாது. இந்த நாட்டுப் புலமைச் சொத்துச் சட்டம், 2003-ஆம் ஆண்டின் 36-ஆம் இலக்கம், பதிப்புரிமையைப் படைச்சவங்களுக்குக் கொடுக்குது. பொறுக்கி எடுத்தவங்களுக்கு இல்ல. உங்க பேரை அது மேல போடுறது, அடுத்தவன் வீட்டு வாசல்ல உங்க பேர்ப் பலகையை மாட்டுற மாதிரி.

ரோஜா முத்தையாவைப் பத்திப் படிங்க. செட்டிநாட்டுல கோட்டையூர்க்காரர். விளம்பரப் பலகை எழுதுற ஓவியர். பெரிய படிப்பாளியோ பணக்காரரோ இல்ல. புத்தகம், பத்திரிகையோட நாடக நோட்டீஸ், சினிமாப் பாட்டுப் புத்தகம், கல்யாணப் பத்திரிகை எல்லாம் சேர்த்தார். 1992-ல அவர் காலமான பிறகு, சிக்காகோ பல்கலைக்கழகம் 1994-ல அந்தச் சேகரிப்பை வாங்கிச்சு. வாங்கினாலும் அமெரிக்காவுக்குக் கப்பல் ஏத்தல, சென்னையிலேயே நூலகமாச்சு. இன்னைக்குத் தமிழ் ஆய்வு செய்யுற யாரும் அந்தக் கதவைத் தட்டாம இருக்க முடியாது. ஃபிலிம் நியூஸ் ஆனந்தன் வாழ்நாள் முழுக்கச் சேர்த்த படங்களும் தகவல்களும் இல்லாம தமிழ்த் திரைப்பட வரலாறு எழுத முடியாது. அவங்களை நாம ஞாபகம் வச்சிருக்கிறது சேர்த்ததுக்காக மட்டும் இல்ல. அடுத்தவங்க பயன்படுத்துற மாதிரி அது மிஞ்சினதுக்காக.

அலுமாரிக்குள்ள பூட்டி வச்ச போஸ்டருக்கும் அடுப்புல போன போஸ்டருக்கும், வெளியில நிக்கிறவனுக்கு ஒரு வித்தியாசமும் இல்ல.

அப்ப என்ன செய்யணும்? பெரிய நிறுவனம் வரட்டும், அமைச்சு பணம் ஒதுக்கட்டும்னு காத்திருந்தா, மலையகம் 200 முடிஞ்ச மாதிரி 250-உம் தட்டு நிறையக் கொழுந்துக்கூடைப் படத்தோட முடிஞ்சிடும். நூலகம் நிறுவனம் 2005-ல ஒரு சில தன்னார்வலர்களோட தொடங்கினதுதான். இன்னைக்கு ஈழத்துத் தமிழ் எழுத்துக்கு அதுதான் கதி. கம்பளைக்குப் பக்கத்துல, பழைய லயத்துக்குள்ளேயே தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகம் ஒண்ணு இருக்கு. வழியும் இடமும் இருக்கு. கொண்டுபோய்ச் சேர்க்கிற கைதான் குறைச்சல்.

எனவே இந்த விடுமுறைக்கு ஊருக்குப் போற ஒவ்வொருத்தருக்கும் சில வேலை சொல்றேன்.

வீட்டு டிரங்குப் பெட்டியைத் திறங்க. கிடைக்கிற எதையும் லெமினேட் பண்ணாதீங்க. சூடும் பசையும் சேர்ந்து காகிதத்தைக் கொன்னுடும். செலோடேப் ஒட்டாதீங்க, அது மஞ்சளாகி எழுத்தைத் தின்னும். மடிச்சதை இழுத்து விரிக்காதீங்க. ராகலை மூடுபனிக்கும் ஈரத்துக்கும் பொலித்தீன் உறை எதிரி. உள்ள வேர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும். சுத்தமான காகித உறையில போட்டு, அடுப்புக்கும் சுவத்துக்கும் தள்ளி வையுங்க. பகல் வெளிச்சத்துல, நிழல்ல, சமமா வச்சு, நாலு ஓரமும் தெரியுற மாதிரி படம் எடுங்க. பின்பக்கத்தையும் எடுங்க. யாராவது அதுல கடன் கணக்கு எழுதியிருப்பாங்க, காதல் கடிதம் பழகியிருப்பாங்க. அதுவும் வரலாறு.

அதை விட முக்கியம், பக்கத்துல இருக்கிற பெரியவங்ககிட்ட கேளுங்க. எந்தத் தியேட்டர், எப்படிப் போனீங்க, எந்தச் சம்பள நாள், கங்காணிக்குத் தெரியுமா, பொம்பளைங்க தனியாப் போக விட்டாங்களா, பெரட்டுக்களத்துல வேட்டி கட்டிப் படம் காட்டினாங்களா. எங்க அப்பாயிகிட்ட கேட்டேன். கதை அவங்களுக்கு மறந்து போச்சு. ஆனா அன்னைக்கு உடுத்தின சேலை, கடைசி பஸ்ஸை விட்டுட்டு மரக்கறி லொறியில ஏறி வந்தது, மறுநாள் மலையில எல்லாரும் ஒரே பாட்டைப் பாடினது எல்லாம் அப்படியே இருக்கு. அதைப் பதிவு பண்ணுங்க. அந்த ஞாபகமும் அந்த நோட்டீஸும் ஒரே இடத்துல சேரும்போதுதான் காகிதம் ஆவணமாகும்.

பிறகு பகிருங்க. வாட்டர்மார்க் இல்லாம, வெட்டாம, எங்க கிடைச்சதுன்னு ஒரு வரியோட. உங்க பேர் வேணும்னா கீழ எழுதுங்க, முகத்து மேல வேண்டாம்.

நம்மளைப் பத்தி மத்தவங்க எழுதி வச்சதை வச்சே 200 வருசத்தைக் கொண்டாடினோம். நம்ம ஆளுங்க தாங்களா விரும்பி வாங்கின காகிதம் இன்னும் கொஞ்சம் எங்கேயோ டிரங்குப் பெட்டிக்குள்ள இருக்கு. அதை வச்சிருக்கிற தலைமுறையும் இன்னும் கொஞ்சம் பேர் இருக்காங்க. ரெண்டுல எது முதல்ல போகும்னு தெரியாது. ரெண்டும் போன பிறகு ஆய்வுக் கட்டுரை எழுதி யாருக்கு என்ன லாபம்?